சனிக்கிழமை என்று எழுதிய விண்ணப்பம்

நடந்தவை, வரிசைப்படி:

1. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் என்னோடு வேலை செய்யும் தோழி, யூதப் பிள்ளைகளின் சிறு வகுப்பொன்றுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள்.
2. எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு நான் எழுதிய பழைய விண்ணப்பத்தைப் பிரதியெடுத்து, பெயர்களை மாற்றி எழுதினேன்.
3. அனுப்பும் முன் இருபத்தேழு விடயங்களைச் சரிபார்த்தேன். கிழமை அந்தப் பட்டியலில் இல்லை.
4. தோழி கையெழுத்திட்டாள். அனுப்பினோம்.
5. கொப்பன்ஹேகனிலிருந்து தொலைபேசி வந்தது.

மூன்றாவது வரியை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. காற்றாலைகளின் உணரிகள் அனுப்பும் எண்களில் பிழை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தோழி எனக்கு எதிர் மேசை. கணவரின் வேலைக்காகக் கொப்பன்ஹேகனிலிருந்து இங்கே வந்தவள். எங்கள் மேற்கு யூட்லாந்துப் பகுதியில் யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. அவள் தேடித் தேடி, தன் வீட்டோடு சேர்த்து நான்கு குடும்பங்களை ஒன்றாக்கினாள். மொத்தம் ஏழு பிள்ளைகள். ஆர்ஹூஸ் நகரில் படிக்கும் ஒரு மாணவி ரயிலில் வந்து அவர்களுக்கு எபிரேயமும் பண்டிகைக் கதைகளும் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு வீடு வீடாக, சாப்பாட்டு மேசைகளில் நடந்தது. கோடை விடுமுறைக்கு முன் அந்த மாணவி, இனியும் தன் கைக்காசில் டிக்கெட் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அதில் அதிகம் இழக்கக்கூடியவள் தோழியின் மூத்த மகள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. யூத வழக்கப்படி, பன்னிரண்டு ஆகும்போது சபையின் முன் நின்று எபிரேயத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றிச் சில நிமிடம் பேச வேண்டும். அவளுக்கு எழுத்துக்கள் தெரியும். சேர்த்து வாசிக்கத் தெரியாது.

தோழி விண்ணப்பித்தது கொப்பன்ஹேகனில் உள்ள மிகச் சிறிய யூத நிதி ஒன்றுக்கு. பெரிய நிதிகள் கட்டடம் கேட்டால் கொடுக்கும், மாநாடு கேட்டால் கொடுக்கும். இவர்கள் ரயில் டிக்கெட்டுக்கும் பாடப்புத்தகத்துக்கும் பண்டிகை நாளில் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் கொடுப்பவர்கள். வரும் விண்ணப்பங்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு வரியையும் வாசிப்பார்கள். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பாடசாலையின் செயலாளர் நான்தான். நகரசபையின் பண்பாட்டு இல்லத்தில் அறை பதிவு செய்யும் கடவுச்சொல்லும் என்னிடம் இருந்தது. எங்கள் பாடசாலை சனிக்கிழமை ஒரு மணிக்கு முடியும். இரண்டு முதல் ஐந்து வரை அறை காலி. தோழியின் வகுப்புக்கு அதையே பதிவு செய்து, விண்ணப்பத்திலும் எழுதினேன்.

ஷபாத் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை அவர்களின் ஓய்வு நாள். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் தோழி நேரத்தோடு போவாள்; அதற்கேற்பக் கூட்டங்களை மாற்றி வைப்பவளே நான். ஆனால் டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு, சொந்த மொழி வகுப்பு என்றால் அது சனிக்கிழமைதான். மற்றப் பிள்ளைகள் படுக்கையில் இருந்து கார்ட்டூன் பார்க்கும் நேரத்தில் நாங்கள் 'அ' எழுதினோம். ஞாயிறு என்று ஒரு வழி இருப்பது என் தலைக்குள் வரவேயில்லை. தோழியோ கடைசி நாளில், கார் தரிப்பிடத்தில் நின்று, கைபேசியில் கையெழுத்திட்டாள். பிள்ளைகளின் பட்டியலையும் ரயில் கட்டணத்தையும் மட்டும் பார்த்தாளாம்.

நிதியிலிருந்து அழைத்தவர் ஒரு பெண்மணி. தோழி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“வாசிக்கிறேன், கேளுங்கள்,” என்றார் டேனிஷில், மிக அமைதியாக. “சனிக்கிழமை. ஆசிரியை ரயிலில் வருவார். பிள்ளைகள் பலகையில் எழுதிப் பழகுவார்கள். பிறகு பெற்றோர் கூடிச் சமைப்பார்கள். பயணம், எழுத்து, சமையல். ஷபாத்தில் கூடாதவற்றில் மூன்றை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டீர்கள். தோட்டம் கொத்துவதை மட்டும் ஏன் விட்டீர்கள்?”

தோழி என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைப் பார்த்தேன்.

“அது என் பிழை,” என்றேன். “நான் யூதர் இல்லை, தமிழ். எங்களுடைய படிவத்தைப் பார்த்து எழுதினேன்.”

“தமிழர்கள் சனிக்கிழமையில்தான் படிப்பார்களா?”

“ஓம். வேறு நாள் இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.”

அவர் சிரித்தார். ஆனால் நிபந்தனை சிரிப்பில் கரையவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்களின் கூட்டம். திங்கள் நண்பகலுக்குள் திருத்திய விண்ணப்பம் வேண்டும். அதோடு அறை உண்டு என்று நகரசபையின் எழுத்துமூல உறுதியும் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை.

“ஞாயிறு அறை காலியா?” என்று தோழி கேட்டாள்.

“இல்லை. பரதநாட்டியம்.”

“அது யார்?”

“அதுவும் நாங்கள்தான்.”

அடுத்த நாள் தமிழ்ப் பாடசாலை முடிந்ததும் பண்பாட்டு இல்லத்தின் சமையலறைக்குப் போனேன். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த நடன வகுப்புத் தாய்மார் தேநீரும் ரோல்ஸுமாக நின்றார்கள். வகுப்பின் பொறுப்பாளர் ஓர் அக்கா. முதியோர் இல்லத்தில் வேலை. குரலை உயர்த்தாமலே ஒரு மாடியை அடக்கிவிடக்கூடியவர். நான் விடயத்தைச் சொன்னேன்.

“ஞாயிறு எங்கடை நாள்,” என்றார் அவர். “அஞ்சு வருசமா எங்கடை நாள்.”

“ஓம் அக்கா. அதுதான் கேக்க வந்தனான்.”

“சனி எண்டால் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். பிள்ளையள் தலை இழுத்து வெளிக்கிட்டு அங்கை போறதோ, சலங்கை கட்டுறதோ? அவையள் ஏன் சனிக்கிழமை படிக்கேலாதாம்?”

“வெள்ளி பொழுதுபட்டால் சனி இருட்டும் வரைக்கும் வேலை செய்யிறேல்லை, அக்கா. வீட்டுக்கு வீடு வித்தியாசம். ஆனால் அந்த ரீச்சர் முழுசாக் கடைப்பிடிக்கிறா. ரெயினிலை ஏறமாட்டா, எழுதமாட்டா, சமைக்கமாட்டா.”

கோப்பை கழுவிக்கொண்டிருந்த இன்னொரு தாய் குழாயை மூடினார். “பொறும். சமைக்கிறேல்லையோ? முழு நாளுமோ?”

“வெள்ளியே சமைச்சு வைச்சிடுவினம்.”

“மனுசன்மார் ஒண்டும் சொல்லுறேல்லையோ?”

“சொல்லேலாது. சட்டம்.”

“இதை எங்கடை சங்கத்திலையும் ஒரு தீர்மானமாப் போடுவம்,” என்றார் அவர். “நான் முன்மொழியிறன்.”

“நான் வழிமொழியிறன்,” என்றது குளிர்சாதனப் பெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

பொறுப்பாளர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்போது நடன ஆசிரியை வாயைத் திறந்தார். அவர் ஸ்கீவ நகரிலிருந்து வருபவர். சனிக்கிழமை மகனைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிவருவார். ஞாயிறு நடனத்துக்காகத் திரும்பவும் வருவார்.

“எனக்குச் சனியே எல்லாம் முடிஞ்சால் நல்லது, அக்கா. ரெண்டு நாளும் கார் ஓடிக் களைச்சுப்போனன்.”

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே.”

அக்கா ரோல்ஸ் ஒன்றை எடுத்து, கடிக்காமல் வைத்துக்கொண்டு, என்னிடம் திரும்பினார். “அந்தப் பெட்டைக்கு எத்தினை வயசு எண்டனீர்?”

“பதினொண்டு. வாற சித்திரையிலை சபைக்கு முன்னாலை நிக்கவேணும். ரீச்சர் வராட்டில் வேறை வழியில்லை.”

“பழக்காமல் ஒரு பிள்ளையை மேடையிலை ஏத்தேலாது,” என்றார். அரங்கேற்றங்கள் பல பார்த்தவரின் முடிவு அது. பிறகு நிபந்தனைகள் வந்தன. “வருசத்திலை நாலு சனி எங்களுக்கு வீட்டு விசேசம் வரும். அந்த நாலு ஞாயிறும் எங்களுக்குத் திருப்பித் தரவேணும்.”

“கேட்டு எழுத்திலை தாறன்.”

“எங்களுக்கும் நீர் ஒரு விண்ணப்பப் போம் நிரப்பவேணும். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி வேணும், பிள்ளையள் தங்கடை காலைப் பாத்து ஆட.”

“சரி அக்கா.”

“கிழமையைச் சரியாப் போடும்.”

சமையலறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி இருக்கவில்லை.

ஞாயிறு மாலை தோழியின் வீட்டில் இருந்து புதிய விண்ணப்பத்தை எழுதினோம். இம்முறை நான் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்க, அவள் ஒவ்வொரு வரிக்கும் “ஆம்” என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான்கு ஞாயிறு பற்றிய நிபந்தனையை அவள் உடனே ஒப்புக்கொண்டாள். மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை என்றால் ஆசிரியை வந்திருக்கமாட்டார், நான் தப்பித்திருப்பேன்,” என்றாள் டேனிஷில்.

“என்னிடம் படித்திருப்பாய்,” என்றாள் தாய்.

“அப்படியென்றால் ஞாயிறு நல்லது.”

திங்கள் காலை நகரசபை திறக்கும்போதே போய் நின்றேன். இரண்டு வகுப்பும் சம்மதித்து நாளை மாற்றிக்கொண்டதால் அங்கே சிக்கல் எதுவும் இருக்கவில்லை. பதினொன்றரைக்கு எல்லாம் அனுப்பியாயிற்று. அந்த வாரக் கடைசியில் பதில் வந்தது. ரயில் டிக்கெட்டும் பாடப்புத்தகங்களும், ஒரு வருடத்துக்கு. கடிதத்தின் அடியில் அந்தப் பெண்மணி கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: தமிழ்ச் செயலாளருக்கு வாழ்த்துகள், அவர் ஒரு நாள் ஓய்வும் எடுக்கட்டும்.

இப்போது நிலைமை இது. வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முதல் ஐந்து வரை நடக்கிறது. வீபோ நகரிலிருந்து ஒரு குடும்பம் சேர்ந்ததால் பிள்ளைகள் ஒன்பது பேர். நடன வகுப்பு சனிக்கிழமை. நான்கு ஞாயிறுகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கண்ணாடிக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. தோழியின் மகள் தன் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை நிறுத்தாமல் வாசிக்கிறாள். மிச்சத்துக்கு ஆறு ஞாயிறுகள் இருக்கின்றன. அடுத்த வருடத்துக்கான உதவித்தொகை உறுதியாகவில்லை. படிவம் என்னிடம் இருக்கிறது.