சுல்பிகா கண்ணாடி கழற்றினால்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரன் அடுக்கின் மேல் வைத்துவிட்டார் சுல்பிகா. இனி எதிரில் நிற்பது நானா, கடைவாசல் தூணா என்பது அவருக்குத் தெரியாது. நான் கொண்டுபோன வெள்ளிப் பதக்கத்தை மூக்கு நுனியில் பிடித்து, வாசம் பார்ப்பவர் போலத் திருப்பினார்.

“புளி போட்டுத் தேய்ச்சீங்களா?”

“ஓம் ராத்தா. பளபளப்பா இரிக்கட்டும் எண்டுதான்.”

“இதுட வயசுக்குச் சாட்சியே அந்தக் கறுப்புத்தான். அதக் கழுவி ஊத்திப்போட்டு எனக்கிட்ட வந்து வயசு கேக்கிறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கேட்டுக்கொண்டுதான் நின்றேன். மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பியை முறுக்கிப் பூவும் கொடியுமாய்ச் சுருட்டிய பழைய நகைகளுக்கு விலை சொல்ல, கல்முனையில் எனக்குத் தெரிந்து வேறு ஆளில்லை.

கணவர் ஸஹீத்தின் கைலி, சாரன் கடையில் மூலை மேசைதான் இவருக்கு. ஒரு சின்னத் தராசு, ஒரு ஊசி, ஒரு கறுப்புத் துணி. பூதக்கண்ணாடி கிடையாது. “அல்லாஹ் தூரத்த எடுத்துத்துக் கிட்டத்தத் தந்திரிக்கான்” என்பார். ஒருநாள் கண்ணாடி இல்லாத நேரத்தில், சாரன் வாங்க வந்த ஒருவரைக் கணவரென்று நினைத்துத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, மீன் வாங்க மறந்ததற்கு நன்றாக ஏசியும் விட்டார். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சாரன் வாங்காமலே போய்விட்டாராம். ஸஹீத்துக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கண்ணாடி கழற்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. “மூஞ்சியப் பாத்தா வெல ஏறி எறங்கும். அழுற ஆக்களுக்குக் கூட்டிச் செல்லிருவன்.”

கையால் முறுக்கிய கம்பி ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்திருக்கும். அச்சில் வார்த்த நகலில் கம்பியெல்லாம் ஒட்டி உருகிய சீனி போலக் கிடக்கும். ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் விலை பாதியாகிவிடும். சோடியில் ஒன்று தொலைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் நிற்கும்போதே நிந்தவூரிலிருந்து அக்காவும் தங்கையும் வந்தார்கள், ஆளுக்கொரு ஆட்டோவில். மூத்தவர் றுஸ்தா, இளையவர் பஸ்னா. மௌத்தாவதற்கு முன் அவர்களுடைய உம்மா ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, “இது எண்ட தோடு. உனக்குத்தான். மத்தவளுக்கிட்டச் செல்லாத” என்று ஒரு சோடியைக் கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு விருந்தில் இருவரும் ஒரே மாதிரித் தோட்டோடு போய் நின்றிருக்கிறார்கள். மற்றவள் நகல் செய்து போட்டுக்கொண்டு உம்மாவின் பேரைச் சொல்கிறாள் என்பது இருவரின் வழக்கும். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பஸ்னாவின் மகளுக்குக் கலியாணம்; அதற்கு முன் எது அசல் என்று தெரியவேண்டுமென்று வந்திருக்கிறார்கள்.

“பொய்க்காரிட ஊட்டுக் கலியாணத்துக்கு நான் போகமாட்டன்,” என்றார் றுஸ்தா, சுவரைப் பார்த்து.

“ராத்தா வராட்டி எண்ட புள்ளைக்கு ஆரு முன்னுக்கு நிக்கிற?” என்று அக்காவைச் சுட்டிப் பஸ்னா கேட்டது சுல்பிகாவிடம்.

 வந்தவர்களைப் பார்க்கப் போட்டிருந்த கண்ணாடியைச் சுல்பிகா மறுபடி கழற்றினார். இரண்டு சோடியும் கறுப்புத் துணிக்கு வந்தன. ஒவ்வொன்றாக மூக்கருகே போயின. ஊசி முனை கம்பிகளுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. பிறகு றுஸ்தாவின் சோடியில் ஒன்றையும், பஸ்னாவின் சோடியில் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இன்னா, இதுதான் உம்மாட சோடி.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“மத்த ரெண்டும் புதுசு, மெசின் கம்பி. ரெண்டும் ஒரே கை செஞ்ச வேல. உம்மாதான் செய்விச்சிரிக்கணும். ஆளுக்கு ஒரு பழசு, ஒரு புதுசு. ஒருத்தருக்கும் குறையக்கூடா எண்டு.”

“ரெண்டு பேரையும் நல்லாப் பேய்க்காட்டி ஏமாத்தியிரிக்காவே உம்மா,” என்றார் றுஸ்தா. பஸ்னாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“பழைய சோடிய விக்கிறெண்டா பொத்துவில்ல வெள்ளக்காரர் தங்குற ஹோட்டல் கடைக்காரங்க கேட்ட வெல குடுப்பாங்க,” என்றார் சுல்பிகா, ஆள் இருந்த திசையைப் பார்த்து.

“விக்கிறத்துக்கில்ல,” என்ற றுஸ்தா, பழைய இரண்டையும் எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “மகளுக்குப் போடு. நான் வந்து கொளுவி உடுறன்.”

இப்போது இருவரும் சேர்ந்தே அழுதார்கள்.  ஸஹீத் கண்ணாடியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். சுல்பிகா அதை அடுக்கிலிருந்த ஒரு சாரன் தொங்கலால் துடைத்தார். ஊதினார். மாட்டிக்கொள்ளாமல் மறுபடி துடைத்தார். அவர்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.