தண்டச்சோறு

எங்கள் பக்கத்து வீட்டு ஹலீமாவுக்குத் ‘தண்டச்சோறு’ என்பது வசவே இல்லை, பேச்சுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். எலி பிடிக்காத பூனை தண்டச்சோறு. காற்று வராத மின்விசிறியும் தண்டச்சோறு. அது என்றைக்கடி சோறு தின்றது என்று கேட்டால், கரண்ட் தின்கிறதே என்பாள். எங்கள் ஊர் குடவாசலில் அந்த வார்த்தை புழங்காத வீடு எது? என் வீட்டிலும் உண்டு.

அவள் வீட்டுக்காரர் சலாஹுதீன், குவைத்தில் மூட்டை தூக்கி முதுகெலும்பு தேய்ந்து ஊர் திரும்பியவர். போன அறுவடையில், குத்தகை நிலத்து நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டு அவரைக் காவலுக்கு உட்காரவைத்தாள். வலி மாத்திரை போட்ட மனிதர் கண் அயர்ந்துவிட்டார். திடீரென்று மழை. தார்ப்பாய் மடித்தது மடித்தபடி கிடக்க, நெல் பூராவும் நனைந்தது. ஓடி வந்தவள் தெருவே பார்க்க அவரைத் தண்டச்சோறு என்றாள்.

அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதன்பிறகு ஏதாவது வேலை செய்த நாளில்தான் சாப்பிட்டார். வாசல் கூட்டினால், தண்ணீர் பிடித்தால் சோறு. முதுகு எழவிடாத நாளில் பசியில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வெறும் வயிற்றில் மாத்திரை வேறு. ஆள் பாதியாகிவிட்டார். ஹலீமா மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், கத்தியும் பார்த்தாள். இப்போது பூனையைக்கூடத் திட்டுவதில்லை. எனக்கு இருவர் மேலும் எரிச்சல்தான் வந்தது.

நேற்று மதியம் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். வீடு கூட்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை. அவர் பாயில் கிடந்தார். பக்கத்தில் இன்னொரு பாயில் அவளும் கிடந்தாள். காய்ச்சலா என்று கேட்டேன்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்னஸக்கா” என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். “இன்னைக்கு நான் ஒரு துரும்பக்கூட எடுத்துப் போடல மச்சான். எனக்கும் சோறு கிடையாதா?”

அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவர்கள் விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, சஹன், பரணில் இருந்தது. அதை இறக்கிச் சோற்றைக் கொட்டினேன். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்தவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இன்னொரு கையால் சஹனைத் தூக்கினார், கழுவி வைக்க.

ஹலீமா என்னைப் பார்த்தாள். தடுக்க அவளுக்குத் தெம்பில்லை.