சூடு வெளியே போகாத வீடு

நாரின் என்ற அந்த மலையூரிலேயே புகைக்குழாய் வழியாகச் சூடு வெளியேறாத வீடு தன்னுடையது ஒன்றுதான் என்று கல்முராத் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. லாரி ஓட்டினார், அது பள்ளத்தில் இறங்கியது. ஆடு வளர்த்தார், ஓநாய்கள் கொழுத்தன. கணப்படுப்பு என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் பெரிய விஞ்ஞானி. கரி கனன்றதுமே புகைக்குழாயில் செருகிய இரும்புத் தகட்டை உள்ளே தள்ளி மூடிவிடுவார். கங்கின் மேல் நீலச் சுவாலை அடங்கும்வரை மூடக்கூடாது என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவர் காத்திருக்க மாட்டார். பொறுமையெல்லாம் மற்றவர்களுக்கு.

“பக்கத்து வீட்டு தோக்தோசுன் தகட்ட மூடாம வானத்துக்குக் கணப்பு போடறான், முட்டாப்பய,” என்பார்.

அவர் மனைவி சாய்கலுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கத் தலைவலி. மாட்டுக்கொட்டகைக்குப் போனால் விட்டுவிடும், வீட்டுக்குள் வந்தால் பிடித்துக்கொள்ளும்.

“கிழவரே, தலை பிளக்குது. குமட்டுது.”

“மாட்டைப் பாத்தா சரியாவுது, என்னைப் பாத்தா வலிக்குதா?”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கண்டுபுடிச்சீங்களாக்கும்.”

ஒரு மத்தியானம் பனி கடுமையாக இருந்தது. விஞ்ஞானி ஜன்னல் இடுக்குகளில் கம்பளித்துண்டை அடைத்தார், அடுப்பு நிறையக் கரி போட்டார், தகட்டை மூடினார். பிறகு கடைத்தெருவில் பெருமையடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சாய்கல் மாவுக் கையோடு தரையில் கிடந்தாள். தூங்குகிறாள், சோம்பேறி என்றுதான் முதலில் நினைத்தார். உலுக்கினார். தலை தொங்கியது. கன்னம் மட்டும் சிவப்பாக இருந்தது. கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை, சூடு போய்விடுமே! கரிப்புகை ஏறியவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்கிற மகத்தான வைத்தியத்தைச் செய்தார். புளித்த மோரை எடுத்து வாயில் ஊற்றினார். அது தொண்டையில் களகளவென்றது. “சாய்கல்! அடியே!” என்று கத்தினார், அதற்குள் அவருக்கே முழங்கால் மடங்கியது.

சத்தம் கேட்டு வந்தது வானத்துக்குக் கணப்பு போடுகிற முட்டாள்தான். தோக்தோசுன் கதவை உதைத்துத் திறந்து, இருவரையும் பனியில் இழுத்துப் போட்டு, சாய்கலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெரிசாத் இருவர் முகத்திலும் ஆக்சிஜன் முகமூடியை இறுக்கி மாட்டினாள். சாய்கலுக்கு ரத்தம் எடுத்தார்கள், இதயத் துடிப்பைப் படம் பிடித்தார்கள்.

கல்முராத் முகமூடியை விலக்கினார். “விரல்ல மாட்டுன மெஷின் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுதே. கன்னம் ஆப்பிளாட்டம் இருக்கு. நல்லாத்தானே இருக்கா?”

“அந்த மெஷினுக்கு ஆக்சிஜனும் அடுப்பு விஷமும் ஒண்ணுதாண்ணே. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல உங்க கரிவாயு ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. மூளையும் இதயமும் பட்டினி. சுத்தமான ஆக்சிஜன அழுத்தி அழுத்திக் குடுத்தாத்தான் கொஞ்சங்கொஞ்சமா நகரும்.”

“மோர் குடுத்தேனே.”

“அதான் நெஞ்சுல போயிருக்கான்னு எக்ஸ்ரே எடுக்கிறோம்.”

“முழிச்சிருவாளா?”

“முழிச்சாலும் ஆளு அடையாளம் தெரியணும். முழிக்கலேன்னா பிஷ்கெக் பெரியாஸ்பத்திரிக்கு, ஆக்சிஜன அழுத்தத்துல ஏத்துற அறைக்கு அனுப்பணும். சரியாப் போனாக்கூட சில வாரம் கழிச்சு மறதி வரலாம், கவனிக்கணும். முகமூடியப் போடுங்க.”

கல்முராத் போட்டுக்கொண்டார். சாய்கலின் காலுறை ஒன்று கழன்றிருந்தது. எழுந்து போய் அதை மாட்டிவிட்டார். அந்தப் பாதத்தை விடாமல், ஒழுங்காகப் பிடிக்கவும் தெரியாமல், ஏதோ திருடியவரைப் போல வைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற நேரத்தில் அவள் கண் திறந்தாள். டாக்டர் அவள் பெயரைக் கேட்டார், சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னாள்.

“இவர் யாரும்மா?”

சாய்கல் புருஷனை வெகுநேரம் பார்த்தாள்.

“யாருன்னு சொன்னா,” என்றாள் மெல்ல, “இவர் வீட்டுக்கே திரும்ப அனுப்பிடுவீங்களா?”

விஞ்ஞானி விக்கி விக்கி அழுததில் முகமூடி கழன்று விழுந்தது. “மூச்ச வீணாக்காதீங்கண்ணே,” என்று பெரிசாத் அதை எடுத்துத் திரும்ப மாட்டினாள்.