எண்ணெய் டேங்குக்கு நடை சாத்தினேன்

ஹைட்ராலிக் எண்ணெய்த் தொழிலில் எதிரிகள் ரெண்டே பேர்தான்: ஒன்று தூசி, இன்னொன்று அந்தத் தூசியைப் பாசத்தோடு கொண்டு வந்து சேர்க்கிற கஸ்டமர். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, "அப்படிப் பண்ணாதீங்கண்ணா" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பார்த்தவர்களுக்கு நம்ம வலி புரியும்.

வேங்கிக்கால் ரோட்டில், டிப்பர் லாரிகளுக்கு பம்ப் ரிப்பேர் பார்க்கிற பட்டறையில் ஆயில் ரூம் என் பொறுப்பு. டிப்பரின் தொட்டியைத் தூக்கிச் சரக்கைக் கொட்ட வைப்பது இந்த எண்ணெய்தான். அதில் அழுக்கு சேர்ந்தால் பம்ப் தேய்ந்து, தொட்டி ஜல்லியோடு பாதி வானத்தில் நின்றுவிடும். நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தவள். என் மகள் பட்டறைக்கு எதிரிலேயே எல்.கே.ஜி.; மணி அடித்ததும் ஓடிப் போய்க் கூட்டி வந்துவிடலாம். இப்படி ஒரு வேலையை விட யாருக்கு மனசு வரும்? அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் பட்ட பாடுதான் இது.

டீ வடிகட்டி

டிரம்மிலிருந்து எடுக்கிற எண்ணெயை வடிகட்டித்தான் தரணும் என்று முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். பால், புளி, வடகக் கஞ்சி என்று எதைத்தான் வடிகட்டவில்லை நான்? மறுநாள் வீட்டிலிருந்து டீ வடிகட்டியை எடுத்து வந்து, மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து ரெண்டு கேன் வடிகட்டினேன். ஒரு துரும்பு சிக்கவில்லை. நம்ம எண்ணெய் அவ்வளவு சுத்தம் என்று பெருமை வேறு.

மெக்கானிக் ஷபீர் பாய் வந்தார். அப்பா வயசு, அதிர்ந்து பேச மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற தூசியால் பெரிய மோசமில்லை, தலைமுடியைவிட மெலிசாக, கண்ணுக்கே தெரியாமல் இருப்பதுதான் பம்ப்பைத் தின்னும் என்றார். மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஃபில்டர் மெஷினைத் திறந்து காட்டினார். நான் அதைத் தையல் மெஷின் என்று நினைத்திருந்தேன். எண்ணெய் சொட்டும் என் வடிகட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது சரிம்மா, இன்னைக்கி வீட்ல டீய எதுல வடிகட்டுவ?"

சோப்பு போட்ட கேன்

ஏழுமலை அண்ணனை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொந்த டிப்பர், தானே ஓட்டுவார். அவர் மச்சான்கள் மூன்று பேருக்கும் டிப்பர். அவரைப் பகைத்தால் நாலு வண்டி போச்சு என்பதால் முதலாளி அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்.

ஒரு நாள், லோடோடு தொட்டி பாதியில் நின்றுபோய், அவர் வண்டி அழுதுகொண்டே வந்தது. பாய் பம்ப்பைப் பிரித்தார், உள்ளே எல்லாம் கீறல். டேங்கிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் அசல் நீர்மோர். கறிவேப்பிலை போட்டால் குடித்துவிடலாம். தண்ணீர் கலந்தால்தான் எண்ணெய் இப்படி வெளுக்கும்.

முதலாளிக்குக் கோபத்தை யார் மேலாவது காட்டணும், நான்தான் கிட்டே இருந்தேன். பம்ப்பைத் தன் செலவிலேயே சரிபண்ணித் தருவாராம். ஆனால் தை பிறப்பதற்குள் இதே வண்டி இதே மாதிரி திரும்பி வந்தால், ஆயில் ரூம் சாவியை பாயிடம் கொடுத்துவிட்டு நான் ஊருக்குக் கிளம்பணுமாம். அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அண்ணன் எங்களிடம் வாங்கிய எண்ணெயை, வீட்டில் ஒரு பழைய கேனை சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, ஈரத்தோடு அதில் மாற்றி வைத்து ஊற்றியிருக்கிறார். எண்ணெய்க் கேனை அதே எண்ணெயை விட்டு அலசித்தான் சுத்தம் பண்ணணும், தண்ணீரே படக்கூடாது என்று நான் சொன்னதும் பாயைப் பார்த்துச் சிரித்தார்: "இன்னா பாய், பொண்ணு எண்ணெய் ஊத்தி எண்ணெய கழுவ சொல்லுது? இது வூட்ல குழம்ப எத ஊத்தி கழுவும்?"

ஃபில்டருக்கு மூச்சு முட்டியது

கார்த்திகை பிறந்த நேரம். அண்ணன் வண்டி ப்ரேக் வேலைக்காக வந்து நின்றது. தை பிறக்கும்வரை அந்த வண்டி எதற்கு வந்தாலும் எனக்கு என் சாவி ஞாபகம்தான். ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்க பாய் என்று கெஞ்சினேன். பாய் அதைக் கழற்றி என் கையில் வைத்தார். காதுகுத்து முடிந்த குழந்தை மாதிரி இருந்தது. ஆணியால் குத்திய ஓட்டை.

தொட்டி மெதுவாக ஏறியதாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அப்படித்தான், எங்களிடம் வந்திருந்தால் மாற்றியிருப்போம். அண்ணன் தானே வைத்தியம் பார்த்துவிட்டார். நல்லவேளை, முந்தின நாள் சாயங்காலம்தான் குத்தியிருக்கிறார், அதற்கப்புறம் லோடு இல்லை. புது ஃபில்டர் போட்டுக்கொண்டே, இனிமேல் இப்படிச் செய்யாதீங்கண்ணா என்றேன். அவருக்கு மனசு புண்பட்டுப் போச்சு. "ஜாஸ்தி இல்லம்மா, ரெண்டே ரெண்டு ஓட்டை, பாவம் மூச்சு வுடட்டும்னு போட்டேன்."

தீப மை

மலை மேல் தீபம் எரிந்து முடிந்தபின், கொப்பரையிலிருந்து எடுக்கிற மையைப் பிரசாதமாகத் தருவது நம்ம ஊர் வழக்கம். நெற்றியில் இட்டுக்கொள்வோம். மார்கழியில் ஒரு காலை, ஏழுமலை அண்ணன் குளித்து, வேட்டி கட்டி, கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு டிப்பரில் வந்து இறங்கினார். எனக்கு, பாய்க்கு, முதலாளிக்கு எல்லாருக்கும் மை. நான் பக்தியாக வாங்கி இட்டுக்கொண்டேன். முதலில் வண்டிக்குத்தான் வைத்தேன் என்றார். பானெட்டிலா அண்ணா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

டேங்குக்குள்ளாம். மூடியைத் திறந்து ரெண்டு சிட்டிகை. தொட்டி எப்படி ஏறுது பாரு என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறி லீவரில் கை வைத்துவிட்டார். தொட்டி தூக்கும்போதுதான் பம்ப் எண்ணெயை இழுக்கும். ஒரு தூக்கு தூக்கினால் மை முழுக்க உள்ளே போய்விடும், என் சாவி வெளியே போய்விடும். நான் போட்ட சத்தத்தில் எதிர் ஸ்கூல் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். பாய் ஓடிப் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிட்டார்.

எண்ணெய் முழுக்க வடித்தோம். பனியன் துணி வேஸ்ட்டால் துடைத்தால் நூல் பிசிறு ஒட்டும் என்று, மாற்றிக் கட்டப் பையில் வைத்திருந்த என் நைலெக்ஸ் புடவையைக் கிழித்து டேங்கின் உள்பக்கம் துடைத்தோம். அண்ணன் ஒரு ஓரமாக, கண் கலங்கி நின்றார். பம்ப் போன அன்றைக்கு லோடோடு தொட்டி நின்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. எதுக்குண்ணா இப்படி என்று கேட்டேன். "மலை உச்சியில எரிஞ்ச மைம்மா. அது உள்ள இருந்தா தொட்டியும் உச்சிக்கு போவும்னு நெனச்சேன்."

நடை சாத்தியாச்சு

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. தூசி, தண்ணீர் என்று பாடம் எடுத்தால் இந்த மனுஷன் கேட்கமாட்டார். கேட்கிற பாஷையில் சொல்லணும். மூடியை இறுக்கி, துடைத்து, அதன் மேல்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதிக் கம்பியால் கட்டினேன்: "நடை சாத்தப்பட்டுள்ளது. திறப்பு ஆயில் ரூமில் மட்டும்." விபூதியோ மையோ, எல்லாம் வெளியிலிருந்தே சாத்துங்கண்ணா, உள்ளே கருவறை என்றேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

தை பிறந்தது. வண்டி வரவே இல்லை. பொங்கல் கழித்து சர்வீஸுக்கு வந்தபோது டம்ளரில் எண்ணெயைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தோம். பாயின் மூக்கு அதற்குள் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. முதலாளி என் சாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை, மச்சான்களின் மூன்று வண்டிக்கும் தகரம் எழுதச் சொன்னார். ஒரே கஷ்டம், மூடியைத் திறப்பதற்குள் பாய்க்கு இடுப்பு போய்விட்டது. அண்ணன் தினம் தினம் அப்பிய சந்தனம் காய்ந்து, சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோதே அண்ணன் அவசரமாகத் தடுத்தார்: "இரு பாய், நடைய தொறந்துடாத. பின்னாடி குழாய்ல ரெண்டு சொம்பு தலைக்கு ஊத்திகினு வந்துட்றேன்."

பத்தாவது வரைக்கும் படித்ததில் இந்த வேலைக்கு எனக்கு உதவியது விஞ்ஞானப் பாடம் இல்லைங்க, பள்ளிக்கூட போர்டில் எழுதிப் பழகிய கையெழுத்துதான்.