இடம் விட்டுக் கொடுத்தவர்

செய்தி வந்தபோது ரெஜினா அக்கா என் முன்னால் திரையில் இருந்தார். டவுன்டவுனில் நான் படித்த மருத்துவ பீடத்திலேயே இப்போது பயிற்சி மருத்துவராகச் சில வகுப்புகளை எடுக்கிறேன். அன்று காலை, நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வது எப்படி என்று காட்டும் பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டிருந்தேன். அதில் நோயாளியாக நடிப்பவர் அக்காதான். மருத்துவர் புற்றுநோய் என்கிறார். அவர் மெல்லத் தலையாட்டுகிறார். அந்த இடத்தில் என் பைக்குள் ரெலிபோன் அதிர்ந்தது. அவருடைய கணவர் மரியநாதன் அண்ணை.

"பிள்ளை, ரெஜினா எங்களை விட்டுப் போட்டா," என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். திரையில் அவர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார். முன்வரிசை மாணவி ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள். நிறுத்துவதற்கு என் கை போகவில்லை. முடியும்வரை ஓடவிட்டேன்.

நாங்கள் இருக்கும் லாசால் பகுதியில் அவரை அறியாத தமிழர் குறைவு. பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். மாதா கோயில் பெருநாளுக்கு அண்டா அண்டாவாகப் புரியாணி போட்டவர். கலியாண வீட்டில் கடைசி மேசைவரை கேட்கும்படி சிரித்தவர். மருத்துவ மாணவர்கள் பழகுவதற்காக நோயாளியாக நடிக்கும் அவருடைய மற்ற வேலையை அறிந்தவர்கள் அதிகமில்லை. அதை எழுத நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைக்கிறேன்.

அவரை முதலில் கண்டது என்னுடைய நேர்முகத்தில். நான் நுண்ணுயிரியலில் பட்டம் முடித்துவிட்டு, பாலையும் தயிரையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். இங்கே மருத்துவத்துக்குப் போக இரண்டு வரிசை உண்டு. சிஜெப் என்ற இடைநிலைக் கல்லூரி முடித்த கையோடு போகும் பிள்ளைகள் ஒரு வரிசை. என்னைப் போல ஒரு பட்டத்தை முடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வரிசை. முதலில் மதிப்பெண்ணையும், தேவையான அறிவியல் பாடங்களைப் படித்தோமா என்பதையும் பார்ப்பார்கள். பிறகு நம் வாழ்க்கையில் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுத்ததைப் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால்தான் நேர்முகம். முதல் வருடம் என்னைக் கூப்பிடவே இல்லை. அடுத்த வருடம் கூப்பிட்டார்கள். "இந்த முறையும் சரிவராட்டி விட்டிடு பிள்ளை," என்றார் அம்மா. "உள்ள வேலையும் நல்ல வேலைதானே." நானும் அப்படித்தான் முடிவெடுத்திருந்தேன்.

நேர்முகம் என்றால் ஒரு மேசைக்கு எதிரே இருந்து பதில் சொல்வது என்று நினைத்துவிடக் கூடாது. நீளமான நடைபாதை, இரு பக்கமும் மூடிய கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள். மணி அடித்தால் தாளை வாசிக்கவேண்டும். மறுபடி அடித்தால் உள்ளே போகவேண்டும். உள்ளே நடிக்கிற ஒருவரோடு ஏதோ ஒரு சிக்கல் காத்திருக்கும். மூலையில் மதிப்பிடுகிறவர் ஒருவர் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டிருப்பார். உள்ளே கண்டதை வெளியில் சொல்லமாட்டோம் என்று கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு வந்த காட்சியைப் பிறகு கைவிட்டுவிட்டார்கள் என்றாலும், இங்கே சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அதில் வந்த கதிரையை மட்டும் மாற்றவில்லை.

என் கதவில் இருந்தது இவ்வளவுதான்: இந்தப் பெண் காத்திருப்பு அறையை விட்டுப் போக மறுக்கிறார், அவரோடு பேசுங்கள். உள்ளே நம்மவர் சாயலில் ஒரு அம்மா. பக்கத்துக் கதிரையில் குளிர்ச்சட்டை ஒன்று கிடந்தது. "மகன் கை கழுவப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான்," என்றார் பிரெஞ்சில். நடிப்புக்குரிய குரலே இல்லை. நெடுநேரம் காத்திருந்து களைத்த குரல். நான் அந்தக் கதிரைப் பக்கம் போனேன். "அது அவனுடைய இடம்," என்றார். நான் தரையில் இருந்துவிட்டேன்.

பிறகு அவர் என் தலைக்கு மேலாகக் கதவைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது, உள்ளே வரும் ஒருவரைக் காண்கிற மாதிரி. கண்கள் கதவிலிருந்து கதிரைக்கு நடந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். கதவு மூடியபடி இருந்தது. மூலையில் இருந்தவரும் எழுதுவதை விட்டுவிட்டுக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படித்துப் பழகிவந்த வசனம் ஒன்றும் எனக்கு வரவில்லை. "அவருக்கு என்ன பெயர்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு பெயர் சொன்னார். மணி அடிக்கும்வரை அவனைப் பற்றியே பேசினார். அறையை விட்டு வரும்போது, அந்தக் கதிரையில் முட்டிவிடாமல் நான் சுற்றி நடந்திருக்கிறேன். வெளியே வந்த பிறகுதான் அது எனக்கே விளங்கியது.

முடிவு வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிப் பிடித்து, "உது என்ன தம்பி, விறகோ?" என்று கடைக்காரரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். சிரிப்புக் குறையவில்லை. கண் மட்டும் என்னில் நில்லாமல் போய்விட்டது. அவருக்கும் கையெழுத்துக் கட்டுப்பாடு இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த அறையில் இருந்த பெண் இவரில்லை என்றே ஒரு கணம் நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவருக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தேன்.

அனுமதி கிடைத்தது. என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு, படித்த உடலியலை மறுபடி படித்துக்கொண்டிருந்த காலத்தில், செய்முறை வகுப்பொன்றுக்கு நெஞ்சுவலிக்காரியாக அவர் வந்தார். வகுப்பு முடிந்ததும் அவரே தமிழில் தொடங்கினார். "நிலத்தில இருந்த பிள்ளை எல்லே நீர்?" அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். எத்தனை பிள்ளைகள் என்று ஒருநாள் கேட்டேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

"அப்ப அந்த மகன்?"

"தாளில மகன் எண்டு மட்டுந்தான் கிடந்தது. பேரை நான் வைக்கேல்லை. நீர் கேட்டீர், வந்துது."

"நடிக்கேக்கை அப்பிடி வருமோ, அக்கா?"

"நான் நடிக்கிறேல்லை, சுபா. இடம் விட்டுக் குடுக்கிறன். ஆரோ வந்து இருக்கினம். மணி அடிக்க எழும்பிப் போயினம்."

பகிடி, சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மரியநாதன் அண்ணைக்கு அது பகிடியாக இருக்கவில்லை. அந்த வேலை முடிந்து வந்த மனைவியை வாசலில் நிற்பாட்டி, தீர்த்தம் தெளித்துத்தான் உள்ளே விடுவார். "செத்த சனத்தையெல்லாம் பஸ்ஸில ஏத்திக்கொண்டு வாறாள்," என்பார். "தனிய வந்தால் சரி." அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: "பயப்பிடாதேங்கோ, உங்கட சமையலுக்கு ஒருத்தரும் தங்கமாட்டினம்."

பகிடி இல்லை என்று நான் கண்டது மூன்றாம் ஆண்டில். எங்களுடைய வயதான பேராசிரியர் ஒருவர் புதிய காட்சி ஒன்று எழுதியிருந்தார். சிறுநீரகம் பழுதான ஒரு பாட்டி, சிகிச்சையை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறார். அக்கா அந்தப் பாட்டியாக இருந்தார். நடுவில், தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். "ஜன்னலைச் சாத்து மகனே, புறாக்கள் என்னை எண்ணுகின்றன." பேராசிரியர் எழுந்துவிட்டார். மணி அடிக்குமுன்னமே போதும் என்றார். நடைபாதையில் என்னிடம்தான் கேட்டார், அந்த அம்மாவுக்கு இதை யாராவது சொன்னார்களா என்று. தம் பழைய நோயாளி ஒருவரை வைத்து எழுதிய காட்சி அது. அந்த நோயாளி தினமும் அதைத்தான் சொல்வாராம். பேராசிரியர் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை; தாளிலும் எழுதவில்லை. அக்காவிடம் கேட்டேன். "என்ன புறா?" என்றார். தான் சொன்னதே அவருக்கு நினைவில்லை.

நான் மருத்துவரானேன். மாணவர்களின் செய்முறைப் பரீட்சையில் மதிப்பிடுகிறவளாக, அதே மாதிரி ஒரு மூலையில் நானும் இருக்கத் தொடங்கினேன். ஒரு பரீட்சையில் அக்கா களைப்பு என்று வந்த பெண். வயிற்றைச் சோதித்தால் எதுவும் இருக்காது என்பது காட்சி. ஒரு மாணவி கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள். "இங்கே கட்டியாக ஏதோ இருக்கிறது," என்றாள். சொன்னதும் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவள் வெளியே போனதும் அக்கா கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லுது. நீரும் ஒருக்கா கை வைச்சுப் பாரும்."

வைத்தேன். விலா எலும்புக்குக் கீழே, கல்லின் விளிம்பு போல இருந்தது. அவர் மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்கு மாக்ஸ் வெட்டிப்போடாதையும்."

வெட்டவில்லை. அவளுக்கு முழுப்புள்ளி.

வீட்டில் மரியநாதன் அண்ணை குழறி அழுதார். "அப்பவே சொன்னன். ஆரையோ கூட்டிக்கொண்டு வந்திட்டாய். போகச் சொல்லு." அக்கா அவர் கையைப் பிடித்து, "இது வந்த ஆள் இல்லையப்பா. இது நான்தான்," என்றார்.

புற்றுநோய் மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். "படி ஏறினால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல," என்றார் அக்கா. அது நான் வகுப்பில் போடும் அந்தப் பழைய ஒளிப்பதிவின் வசனம். பசி எப்படி என்று கேட்டார் மருத்துவர். அதற்கும் ஒளிப்பதிவின் பதில். அவரோ புதிதாகக் கேட்கிறவராய்த் தலையாட்டி எழுதிக்கொண்டார். வாகனத் தரிப்பிடத்தில் அக்கா காருக்குள் ஏறாமல் நின்றார்.

"பாடமாக்கின மறுமொழிதான் வாயில வருது, சுபா. வேறை சொல்லுத் தேடிப் பாத்தன், கிடைக்கேல்லை. ஆனா இப்ப அது பொய்யுமில்லை." பிறகு, "உண்மையான ஆள் கதைக்கிற மாதிரி இருந்துதோ?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

கடைசி வாரம் அந்திமகால விடுதியில் இருந்தார். ஒரு பின்னேரம் போனபோது மரியநாதன் அண்ணை அறைக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். "உள்ளை கதைக்கிறது ஆர் எண்டு தெரியேல்லை," என்றார். உள்ளே அக்கா கண்ணை மூடியபடி பேசிக்கொண்டிருந்தார். முதலில் நெஞ்சுவலிக்காரி. பிறகு புறாக்களைப் பற்றிப் பாட்டி. பிறகு நான் காணாத, ஆனால் ஏதோ ஒரு வகுப்பில் இருந்திருக்கவேண்டிய ஒரு பாரவண்டிச் சாரதி, கெட்ட வார்த்தைகளோடு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூச்சு. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குமுன் சின்ன இடைவெளி. மருந்தின் மயக்கத்தில் இப்படி வரும். அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நில்லாமல் சுவரோரம் ஒதுங்கினேன். போகிறவர்கள் போகட்டும் என்று.

பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அப்போது ஒரு குரல் வந்தது. இளம் குரல். மன்னார்ப் பேச்சு, வேகமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு. எந்த வகுப்பிலும் நான் கேட்டிராத குரல். "என்ன, விறைச்ச மாதிரி நிக்கிறியள்? சேட்டுக்குப் பட்டனைப் பிசகிப் போட்டிருக்கிறியள், பாருங்கோ."

அக்கா கண் திறக்கவில்லை. மரியநாதன் அண்ணை குனிந்து பார்த்தார். பொத்தான் உண்மையிலேயே பிசகித்தான் போட்டிருந்தது. அண்ணையின் முகத்தில் பயம் இல்லை. நான் அவரை அறிந்த நாளிலிருந்து முதல் தடவையாக அது இல்லை.

"இது அவள்தான் பிள்ளை," என்றார். "கலியாணம் முடிச்ச புதுசில இப்பிடித்தான் கதைப்பாள். எத்தினை வருசம் கேட்டு." கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டார். "ஓம், ரெஜினா. இப்ப சரியோ?" என்று கேட்டுக் கட்டிலருகே இருந்தார். அதற்குப் பிறகு அக்கா பேசவே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் எழும்பிப் போன பிறகு, கடைசியாக அவருக்கே ஒருக்கால் இடம் கிடைத்ததோ என்னவோ.

அவருடைய இறுதிப் பூசைக்கு மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள். கோயிலின் பின்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அவர் இறப்பதை வகுப்பில் அத்தனை முறை பார்த்தவர்களுக்கு, இந்த முறை எப்போது அழுவது என்று தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது சின்ன வழக்கம் ஒன்று. வேலை முடிந்து வெளிக்கிடுமுன், கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு முன் நின்று, "ரெஜினா மரியநாதன்" என்று தன் பெயரைத் தானே கூப்பிடுவார். "ஓம்" என்று தானே பதில் சொல்லுவார். அதன் பிறகுதான் குளிர்ச்சட்டையைப் போடுவார். இப்போது, இறந்துகொண்டிருக்கும் ஒருவரின் அறையை விட்டு வந்தால், மாடிப்படியில் ஆளில்லாத திருப்பத்தில் நின்று நானும் என் பெயரைக் கூப்பிடுகிறேன். பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடுகிறது. சில நாட்களில் கொஞ்சம் பொறுத்துத்தான் வருகிறது. வரும்வரை நிற்கிறேன்.