வீட்டுக்குள் வந்த சர்வர்

ஸஃப்வத்துக்கு வேலை போனது வாயால்தான். அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பல வருடம் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவன். ஒருநாள் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, "நம்ம கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பே இல்ல, அதுக்கு நீதான்யா பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் விரலை நீட்டினார்.

"செக்ரட்டரி பேரையும் அவங்க பொறந்தநாளையும் பாஸ்வேர்டா வெச்சுக்கிட்டா எப்படி சார் பாதுகாப்பு இருக்கும்?" என்றான் ஸஃப்வத்.

இயக்குநருடைய மனைவியின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் காலை ஸஃப்வத் தன் தேநீர் கிளாஸையும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேபிளையும் மடியில் வைத்துக்கொண்டு டிராமில் வீடு திரும்பினான்.

முஹர்ரம் பே வட்டாரத்தில், ஈரல் சாண்ட்விச் கடைக்கும், முதலாளி என்பதால் ஊரே முஅல்லிம் என்று கூப்பிடும் ஸின்ஹுமின் காப்பிக்கடைக்கும் நடுவில், ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டான். ஒரு பக்கம் பூண்டு வாசனை, மறுபக்கம் ஹூக்கா புகை. நடுவில் அவன், உலகத்தின்மேல் கோபத்தோடு.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பது அது. ஊரில் இருந்த பென் டிரைவ் எல்லாம் வைரஸைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்வந்தது. சனிக்கிழமை சுத்தம் செய்து அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுகிக்கொண்டு கடைக்குத் திரும்பி வரும். "வீட்டுக்குப் போடுற சிஸ்டம் எல்லாம் பொம்மை" என்பான் ஸஃப்வத். "சர்வர் சிஸ்டம் பாருங்க, அது ஆம்பள. வருஷக்கணக்கா படுக்காம நிக்கும்."

ஒருநாள் அவனுக்கு யோசனை வந்தது. அந்த ஆம்பளையையே வீட்டுக்குள் விட்டால் என்ன? கம்பெனிகளுக்கான சர்வர் சிஸ்டத்தின் சோதனைப் பதிப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் வைரஸ் வாசலிலேயே நின்றுவிடும். கெடு ஒன்று உண்டு, அது தீர்ந்தால் பெட்டி தானாக அணைய ஆரம்பிக்கும். ஆனால் ஒரு கட்டளை தட்டினால் கெடுவைத் தள்ளிப்போடலாம். அது ஒரு பெரிய விஷயமா?

முதல் பலி மேடம் இன்ஷிராஹ். விவாகரத்தானவர், ஐம்பதை நெருங்குகிறவர். வீட்டில் உட்கார்ந்து கல்யாண அட்டையும் இரங்கல் அறிவிப்பும் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். அந்த வட்டாரத்தில் யார் சேர்ந்தாலும் யார் போனாலும் அவர் விரல் வழியாகத்தான். அவர் பெட்டியில் புது சிஸ்டத்தைப் போட்டு, "இனிமே என் கடைப்பக்கமே வரமாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினான்.

மறுநாளே டாக்ஸியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"இன்ஜினியரே, இது என் வீட்டுக் கம்ப்யூட்டரா, இல்ல போலீஸ் ஸ்டேஷனா? உள்ள போகவே மூணு பட்டனை ஒண்ணா அமுக்கணுமாம். பாட்டு பாடாது. எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் 'இது ஆபத்து'ங்குது. என் தங்கச்சி போட்டோவைத் தொறந்தா அதுவும் ஆபத்தாம்!"

"அது உங்களைக் காப்பாத்துது மேடம்."

"என் தங்கச்சிகிட்டருந்தா?" கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான்னு வெச்சுக்க. ஆனா அணைக்கப் போனா 'ஏன் அணைக்கிற, காரணம் எழுது'ன்னு கேக்குதே, அது என்ன?"

சர்வரை யாரும் சும்மா அணைப்பதில்லை, ஏன் அணைத்தார்கள் என்று பதிவு இருக்கவேண்டும் என்று ஸஃப்வத் விளக்கினான். அவர் என்ன எழுதினார் என்று ஆவலாகவும் கேட்டான்.

"அடுப்புல முளுக்கியாக் கீரை இருக்குன்னு எழுதுனேன். ஒத்துக்கிச்சு."

பெட்டியை மேசைமேல் வைத்து பாஸ்வேர்டு கேட்டான். இன்ஷிராஹ் முதல்முறையாகத் தயங்கினார். அந்த சிஸ்டம் எளிதான பாஸ்வேர்டு எதையும் ஏற்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும்.

"சொல்லியே ஆகணுமா?"

"சொன்னாத்தானே தொறக்கலாம்."

"ஸஃப்வத் ஒரு கழுதை. நடுவுல இடம் விடக்கூடாது. கடைசில ஒண்ணு, அப்புறம் ஒரு ஆச்சரியக்குறி."

காப்பிக்கடைப் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. ஸஃப்வத் எழுத்தெழுத்தாகத் தட்டினான். கதவு திறந்தது.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கே போனான். தோற்றுப்போனோம் என்று ஒத்துக்கொள்ளவில்லை, வாடிக்கையாளரைத் திருத்தப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க வாய் மூடிக்கொண்டது. அவர் ஒரு அட்டை முடிப்பதற்குள் சிஸ்டம் அவரை எத்தனையோ தடவை குறுக்கே மறித்தது. எதற்குமே அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மூன்று பட்டன் போனது. பாஸ்வேர்டு போனது. ஒலி வந்தது, நிறம் வந்தது, தங்கச்சி ஆபத்தில்லாதவளானாள். கடைசியாக, அணைக்கும்போது காரணம் கேட்கும் அந்தக் கேள்வியை எடுக்கப் போனபோது இன்ஷிராஹ் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அது இருக்கட்டும்."

"ஏன் மேடம்? அதுதானே உங்களுக்குப் பிடிக்கல?"

"பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துனேன் இன்ஜினியரே. நான் எந்திரிச்சுப் போனா ஏன் போறேன்னு ஒரு நாளும் யாரும் கேட்டதில்ல. இது கேக்குது. கேக்கட்டும்."

அவன் விட்டுவிட்டான்.

இந்தச் செய்தி பரவியது. சர்வர்போல் உறுதி, பொம்மைபோல் சுலபம். முஅல்லிம் ஸின்ஹும் காப்பிக்கடைக் கம்ப்யூட்டரில் போடச்சொன்னார். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் போட்டார். அடுத்த தெரு மருந்துக்கடை போட்டது. சில மாதங்களில் அந்த வட்டாரத்தின் பாதி ஸஃப்வத்தின் கைவேலையில் ஓடியது, அந்தக் காரணம் கேட்கும் கேள்வியோடு சேர்த்து. யாரும் குறை சொல்லி வரவில்லை. குறையே இல்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். கடை வாசலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, ஈரல் சாண்ட்விச் தின்றான். அந்தக் கட்டளை, அதுதான் கெடுவைத் தள்ளிப்போடுவது, அவன் மண்டையைவிட்டே போய்விட்டது.

ஸின்ஹுமின் மகள் நெர்மீனுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் கெடு தீர்ந்தது.

முதலில் மருந்துக்கடையில் அணைந்தது. பிறகு காப்பிக்கடையில், மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெனால்டி அடிக்கிற நேரத்தில். திரும்பப் போட்டால் ஒரு மணி நேரம் இருக்கும், மறுபடி அணையும். இன்ஷிராஹ் அப்போது நெர்மீனின் கல்யாண அட்டை வேலையில் இருந்தார். பழைய அட்டை ஒன்றைத் திறந்துவைத்து அதிலேயே பெயர்களை மாற்றுவது அவர் வழக்கம். மணமகள் பெயரை மாற்றினார், மண்டபத்தை மாற்றினார், தேதியை மாற்றினார், சேமித்தார். மாப்பிள்ளை பெயரில் கை வைத்தபோது திரை கறுத்தது. மறுபடி போட்டு, மாற்றி, சேமிக்கப் போகையில் மறுபடி கறுத்தது. அதற்குள் அச்சகத்துக்காரன் போனில் கத்த ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சேமித்தாயிற்று என்று நம்பி பென் டிரைவைக் கொடுத்தனுப்பினார்.

அட்டைகள் வந்தன. ஸின்ஹும் ஓரத்துத் தங்கக்கோட்டை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, காப்பிக்கடைப் பையன்களை ஏவி வட்டாரம் முழுக்க விநியோகித்தார்.

அந்த அட்டையின்படி அவர் மகள் நெர்மீன், இறைவன் அருளால், கசாப்புக்கடை ஸுப்ஹியைத் திருமணம் செய்துகொள்ளவிருந்தாள். ஸுப்ஹிக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் பழைய அட்டை அவனுடையது.

ஸுப்ஹியின் மனைவி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு காப்பிக்கடைக்குள் நுழைந்தாள். பெண்கள் நுழையாத கடை அது. டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையைக் கீழே வைத்தார்கள்.

"முஅல்லிம், ரெண்டாவது கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டதுக்கு நன்றி. நான் எங்க உக்காரணும், மாப்பிள்ளை பக்கமா?"

பின்னாலேயே ஸுப்ஹி, கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்க மறந்து, ஓடிவந்தான். "சத்தியமா எனக்குத் தெரியாதுடி! நானே உன்கிட்ட படாதபாடு படுறேன், இன்னொண்ணு எதுக்கு எனக்கு?"

"ஓ, அப்படியா!"

சமாதானம் சொல்ல வந்தவன் இன்னொரு வழக்கில் மாட்டிக்கொண்டான்.

அட்டையை வாங்கிப் படித்த ஸின்ஹுமின் முகம் செங்கல் நிறமானது. நேரே இன்ஷிராஹ் வீட்டுக்குப் போனார். இன்ஷிராஹ் அவரை அழைத்துக்கொண்டு நேரே ஸஃப்வத் கடைக்கு வந்தார். வட்டாரமும் பின்னால் வந்தது.

"என்கிட்ட மட்டும் காரணம் கேக்குது," என்றார் இன்ஷிராஹ். "அது போகும்போது ஒரு வார்த்தை சொல்லல. என் பழைய புருஷனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

ஸஃப்வத் ஏதோ மின்சாரக் கோளாறு என்று ஆரம்பித்தான். ஸின்ஹும் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். அந்தக் கைகள் பெரியவை.

"ஸஃப்வத். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்," என்றான் ஸஃப்வத். "கெடு இருந்துச்சு. தள்ளிப்போட்டிருக்கலாம். மறந்துட்டேன்."

பிறகு இன்ஷிராஹ், "நானும் படிச்சுப் பாக்காமத்தான் குடுத்தேன். முஅல்லிமும் படிச்சுப் பாக்காமத்தான் அனுப்புனாரு. மூணு பேரு காதையும் சேத்து முறுக்கலாம்" என்றார். ஸின்ஹும் அவரை முறைத்தார். ஆனால் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தண்டனை அங்கேயே முடிவாயிற்று. உண்மையான மாப்பிள்ளை ஷரீஃபின் பெயரைச் சின்ன ஒட்டுத்தாளில் அச்சடித்து, ஸஃப்வத்தும் இன்ஷிராஹும் வீடு வீடாகப் போய் ஸுப்ஹியின்மேல் ஒட்டவேண்டும். ஒட்டுவதோடு மன்னிப்பும் கேட்கவேண்டும். ஷரீஃப் நல்ல பையன். செய்தியைக் கேட்டு, "என் பேருக்கு அடியில ஸுப்ஹி இருக்கான்னு நான் ஞாபகம் வெச்சுக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். மாமனார் அதை ரசிக்கவில்லை.

அந்த நடைதான் ஸஃப்வத்தை மாற்றியது. பெயர் ஒட்டப்போன ஒவ்வொரு வீட்டிலும் தன் கைவேலையைப் பார்த்தான். டிராம் ஓட்டுநர் புது சிஸ்டம் போட்ட நாளிலிருந்து தன் கையால் கம்ப்யூட்டரை அணைத்ததே இல்லை. காரணம் கேட்கிறதே, தப்பாக எழுதினால் யாருக்காவது போய்ச்சேருமோ என்று பயந்து, ராத்திரியில் போர்வை போர்த்திவிட்டுத் தூங்கினார். ஒரு வீட்டில் திரை பூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் பெட்டி கோபித்துக்கொண்டதாக நினைத்து, அது தானாக இறங்கிவரும்வரை வேறு வேலை பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் புகைப்படங்களைத் திறக்கத் தெரியாமல் திரையின் மூலையிலேயே குவித்து வைத்திருந்தார், அழுக்குத் துணிபோல.

"ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?" என்றான் படிக்கட்டில்.

"உன்கிட்டயா? 'இதுகூடத் தெரியாதா'ன்னு நீ புருவத்தைத் தூக்குவியே, அந்தப் புருவத்தைப் பாக்க யாருக்கு ஆசை?" என்றார் இன்ஷிராஹ், ஒட்டுத்தாளை நாக்கில் நனைத்துக்கொண்டே. "எனக்கு வெட்கம் கிடையாது, அதனால வந்து திட்டுனேன். மத்தவங்களுக்கு இருக்கு."

அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அடுத்த கதவில் மன்னிப்புக் கேட்டபோது அட்டைக்கு மட்டும் கேட்கவில்லை.

கல்யாணம் சரியான மாப்பிள்ளையோடு நடந்தது. ஸுப்ஹி தன் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் பார்க்கும் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஸஃப்வத் வட்டாரத்தின் பெட்டிகளை எல்லாம் வாங்கி, கெடுவே இல்லாத லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தான். அதுவும் சர்வர்களுக்குள் வாழ்கிற சாதிதான்; முதல் பார்வைக்கு இன்னும் முரடு. இந்தத் தடவை அவன் தனியாகச் செய்யவில்லை. கடையில் ஒரு நாற்காலி போட்டு இன்ஷிராஹை உட்காரவைத்தான். அவர் திட்டாமல் ஒரு வேலையை முடித்தால்தான் பெட்டி வெளியே போகும். பல வாரம் எதுவுமே வெளியே போகவில்லை.

"'அனுமதி மறுக்கப்பட்டது'. யாரு மறுத்தா? பேரைச் சொல்லு, நான் போய்ப் பேசிக்கிறேன்."

ஸஃப்வத் அதை மாற்றி, 'இது உங்க வேலை இல்ல, ஸஃப்வத்தைக் கூப்பிடுங்க' என்று போட்டான்.

"எடு அதை. நீ போனை எடுக்கமாட்டே."

கடைசியில், 'இதைத் தொட்டா மத்ததும் கெடும். நிஜமாவே வேணுமா?' என்று முடிந்தது. பென் டிரைவ் சொருகினால், 'பென் டிரைவ் வந்தாச்சு, உள்ள பாக்கலாமா?' என்று கேட்டது. எல்லாம் தெருவில் பேசுகிற அரபியில். கறுப்புத் திரையும் கட்டளைகளும் பின்னால் எங்கேயோ பத்திரமாக இருந்தன, ஸஃப்வத் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்வதற்கு.

பல்கலைக்கழகத்து லினக்ஸ் சங்கத்துப் பையன்கள் சிலர் கேள்விப்பட்டு வந்தார்கள். ஒருவன் திரையைப் பார்த்து முகம் சுளித்தான். "இதுல லினக்ஸ் எங்கயிருக்கு? எல்லாத்தையும் மறைச்சுட்டீங்களே!"

"உன் கிட்னி எங்கயிருக்கு?" என்றார் இன்ஷிராஹ். "வெளிய தொங்கவிட்டா நடக்கிற?"

அவன் சிரித்துவிட்டான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனான். அவனே பிறகு கெய்ரோவில் அவர்கள் நடத்திய கூட்டத்துக்கு ஸஃப்வத்தைப் பேச அழைத்தான். ஸஃப்வத் புதுச்சட்டை வாங்கினான், உரை தயாரித்தான், இன்ஷிராஹையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினான்.

மேடையில் அவன் வணக்கம் சொல்லி, சக ஊழியர் என்று அவரை அறிமுகப்படுத்தி, ஒலிவாங்கியை ஒரு நிமிடத்துக்கு அவரிடம் கொடுத்தான். அது திரும்பி வரவேயில்லை. டிராம் ஓட்டுநரின் போர்வையைப் பற்றிச் சொன்னபோது அரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஓட்டுநர் ஏன் பயந்தார் என்று சொன்னபோது அடங்கியது. ஸஃப்வத் தன் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தான்.

திரும்பும் ரயிலில் இருவரும் எள்ளு ரொட்டியும் வேகவைத்த முட்டையும் தின்றார்கள்.

"நல்லாப் பேசுனீங்க," என்றான் ஸஃப்வத், மனதில்லாமல்.

"தெரியும்," என்றார் இன்ஷிராஹ். "உப்பை இங்க தள்ளு."