ஏழரை மீட்டர் சுருள்

என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் நின்றுபோன லிஃப்டைக்கூட இறக்கிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பிடிவாதத்திலிருந்து அவரை இறக்கத்தான் ஆள் கிடையாது. இருபது வருடமாக லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார். பால்கனி முழுக்க ஏரியல். துணி உலர்த்த அக்காவுக்கு இடமில்லை.

என்னவருக்கும் அதே பைத்தியம். தீவு ஒன்றில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே போன் எடுக்காது, ரேடியோதான். படகு வர இன்னும் இரண்டு மாதம். எனக்கோ அன்று காலையில்தான் டாக்டர் விஷயத்தை உறுதிசெய்திருந்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரிடம் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

"அத்தான், அவர்கிட்ட பேசணும். இப்பவே!"

அத்தான் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! சகலைகள் இருவரும் பேசி மூன்று மாதமாகிறது. சண்டை சொத்துக்காக இல்லை, ஏரியலின் அடியில் இருக்கும் சுருளுக்காக. பத்து மீட்டர் நிற்கவேண்டிய கம்பி, பால்கனியில் இரண்டரைதான் நிற்கிறது. மீதி ஏழரை மீட்டரையும் சுருளாகச் சுற்றினால் சரியாகிவிடும், கரன்ட் அந்தத் தூரத்தையெல்லாம் உள்ளேயே நடந்து, தாமதமாக, மெலிந்துபோய் மேலே வரும் என்பது அத்தான் கட்சி. சுருளில் அவ்வளவு தாமதம் கிடையாது, கீழே எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவே மேலேயும் வரும் என்பது என்னவர் கட்சி.

"ஏழரையாம். நம்பரே சரியில்ல" என்றாள் அக்கா.

எனக்காக மனமிரங்கி அத்தான் ரேடியோவைப் போட்டார். கத்திப் பார்த்தார். பதிலே இல்லை.

"வானிலை சரியில்ல."

"வானிலைய ஏன் இழுக்கிறீங்க?" அக்கா சுருளுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு டார்ச் பல்புகளை மாட்டினாள். "உங்க கணக்குப்படி மேல் பல்பு மங்கலா எரியணும். பாத்துடலாம்."

அத்தான் மைக் பட்டனை அழுத்தினார். இரண்டுமே எரியவில்லை. சுற்று அதிகம், கரன்டே ஏறவில்லை என்றாள் அக்கா. அத்தான் சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவர் முகத்தோடு ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, பட்டனை அழுத்திப் பார்த்தார். பாதிக் கம்பி தரைக்கு வந்தபோது இரண்டு பல்பும் பளிச்சென்று எரிந்தன. ஒரே வெளிச்சம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

எனக்கு ஒன்றே போதும் என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டேன்.

அத்தான் சுருளையே பார்த்தார். பிறகு குதித்தார். "தப்பு! இருபது வருஷமா தப்பு!" அக்காவைப் பிடித்துச் சுற்றினார். ஒரு பூந்தொட்டி போயிற்று. இப்படியொரு சந்தோஷத்தோடு தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

பல்புகளைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார். உடனே என்னவர் குரல்!

"சகலை, நீங்க சொன்னதுதான் சரி. ஓவர்."

அவ்வளவுதான். மூன்று மாதம் அடக்கிவைத்திருந்த மனிதர் பிடித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்ல..." அங்கே அவர் பட்டனை விட்டால்தானே இங்கே நான் பேச முடியும்? ஐந்து நிமிடம் சுருள் பாடம் கேட்டேன். ஒருவழியாக "ஓவர்" வந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"போதும், வாய மூடுங்க. நீங்க அப்பா ஆகப்போறீங்க! ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது. அத்தான் சுருளைத் தொட்டுப் பார்த்தார். "இதுல தாமதம் இல்லையே" என்றார் பாவமாக. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, அழுகையும் சிரிப்புமாக அந்தக் குரல் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லு. ஓவர்."